அழைப்புக் கடிதமும் அடகுத் தறியும்



ஆரணி வட்டாரத்தில், திருமலைக்கு அருகே வாழும் குடும்பத் தலைவர் ஒருவர் எமக்கு நீண்டதொரு மடல் எழுதியுள்ளார். வீட்டிலேயே இரண்டு பட்டுத் தறிகளை வைத்து நெய்து பிழைக்கும் குடும்பம் அவருடையது. மூத்த மகன் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் தொழில் பயின்று, திருப்பெரும்புதூர்ப் பகுதியில் 6 ஆண்டுகளாக வேலை செய்கிறார், மணமானவர், ஒரு குழந்தைக்குத் தந்தை. அவருக்குக் கனடா நாட்டின் சஸ்காச்சுவான் மாகாணத்திலிருந்து வேலையழைப்புக் கடிதம் வந்திருக்கிறதாம். மனைவி மக்களோடு அங்கேயே நிரந்தரமாகக் குடியேறிவிடலாமாம். ஆனால் 14 இலட்சம் ரூபாயை இம்மாத முடிவிற்குள் கட்டிவிட வேண்டும் என்று தரகர் ஒருவர் நெருக்குகிறாராம். வீட்டுப் பத்திரத்தையும் தறிகளையும் ஈடு வைத்தால் பணம் கிடைக்கும் என்கிறார் தந்தை.

“சாமி, பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டுப் போவது சரிதானா? இந்தக் கடிதத்தை நம்பலாமா? அவன் அங்கேயே தங்கிவிட்டால் எங்கள் கதி என்ன?” இவை மூன்றும் அவருடைய கேள்விகள்.

இவ்விதழ் அவர் கைக்குக் கிட்டுமுன் மாதம் முடிந்துவிடும் ஆதலால், அவருக்கு உடனே தனி மடல் எழுதிவிட்டோம். பணம் எதுவும் கொடுக்க வேண்டாம் என்பதே அம்மடலின் முதல் வரி. ஆயினும் இக்கேள்விகள் அவர் ஒருவருடையவை அல்ல. ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருவோர் பேச்சில் இன்று கனடாவும் ஆஸ்திரேலியாவும் அடிபடாத பங்கு அரிது. ஆகவே இங்கே எல்லாருக்குமாக விடை கூற விழைகிறோம்.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பிழைப்பை நாடி வேற்று நாடு செல்வது தவறா? தவறன்று. நாசரேத்தூர்த் திருக்குடும்பமே எகிப்து நாட்டில் அயலாராய் வாழ்ந்த குடும்பமன்றோ! திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் வெளியிட்ட ஆணைமடல், அத்திருக்குடும்பத்தையே புலம்பெயர்ந்த குடும்பங்கள் அனைத்திற்கும் முன்மாதிரியாகக் காட்டுகிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றி 1981-இல் எழுதிய திருமடலில், நல்வாழ்வைத் தேடித் தாயகத்தை விட்டு வெளியேறவும், மீண்டும் தாயகம் திரும்பவும் மனிதனுக்கு உரிமை உண்டு என்று கற்பித்தார். உழைக்கும் கரம் ஒன்று வெளியேறும்போது தாயகம் அடையும் இழப்பையும் அவர் மறைக்கவில்லை. 2023-ஆம் ஆண்டில் புலம்பெயர்ந்தோர் உலக நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிசு தேர்ந்துகொண்ட கருப்பொருள், செல்வதா தங்குவதா என்பதைத் தெரிவு செய்யும் சுதந்திரம் பற்றியதே.

சுதந்திரம் என்னும் அச்சொல்லை நம் மக்கள் மனத்தில் கொள்ள வேண்டும். கடன்காரனுக்கு அஞ்சி ஓடுகிறவன் சுதந்திரமாகச் செல்லவில்லை. பொய்க் கடிதத்தை மெய்யென்று நம்பிச் செல்கிறவனும் சுதந்திரமாகச் செல்லவில்லை. உண்மையை அறிந்து, குடும்பத்தோடு கலந்து, திரும்பி வரும் வழியையும் அடைத்துவிடாமல் புறப்படுகிறவனே சுதந்திரமாகச் செல்கிறான்.

கைத்திறன் படைத்தோர் ஊர்விட்டு ஊர் செல்வது நெசவாளர்க்குப் புதிய செய்தியும் அன்று. மத்தியப் பிரதேசத்தில் உள்ள மண்டசோர் நகரில் கிடைத்த குப்தர் காலக் கல்வெட்டு ஒன்று பட்டு நெசவாளரின் வரலாற்றைக் கூறுகிறது. இலாட நாட்டில், அதாவது இன்றைய தென் குசராத்துப் பகுதியில், பட்டு நெய்துவந்த தொழிற்குழுவினர், தசபுரம் என்னும் அந்நகரத்து மன்னர்களின் நற்குணங்களைக் கேள்வியுற்று, வழிப்பயணத்தின் இன்னல்களைப் பொருட்படுத்தாமல், மக்களோடும் சுற்றத்தாரோடும் அங்குக் குடியேறினர். தம் தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு கி.பி. 437-இல் கதிரவனுக்குக் கோயில் ஒன்றை எழுப்பினர். 473-இல் அதனைப் பழுது பார்த்தனர். அவர்களுள் சிலர் நெசவிலேயே நிலைத்தனர். வேறு சிலர் வில்வித்தை, சோதிடம், கதை சொல்லுதல் போன்ற பிற துறைகளை மேற்கொண்டனர்.

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கல்வெட்டிலிருந்து மூன்று செய்திகளை நாம் அறிகிறோம். அவர்கள் போகுமிடத்தைப் பற்றி விசாரித்து அறிந்து சென்றனர். குடும்பத்தையும் உறவையும் விட்டுவிடாமல் சென்றனர். சென்ற இடத்தில் தம்முள் சிலர் வேறு தொழில் பழகியபோது அதனைத் தாழ்வென்று கருதவில்லை. ஆகவே, பட்டுத் தறிக்காரரின் மகன் வெல்டராக விளங்குவதற்கு அவர் தந்தை வருந்த வேண்டியதில்லை.

மகன் ஏன் போக விரும்புகிறான் என்பதையும் நாம் நேர்மையோடு நோக்க வேண்டும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஆயினும், ஒரு சேலை தறியிலிருந்து இறங்குமுன் ஒருவர் தறியில் அமர்ந்து நெய்ய, மற்றவர் நூல் சுற்ற, இன்னொருவர் கூடமாட உதவ, வீடு முழுவதும் உழைக்கிறது. கையில் வருவதோ ஒரு கூலி. கைத்தறிக்கெனச் சில வகைத் துணிகளை ஒதுக்கி 1985-இல் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் விசைத்தறியின் போட்டி ஓயவில்லை. இந்நிலையில், கைத்தொழில் கற்ற இளைஞன் கூடுதல் ஊதியத்தை நாடுவதைப் பேராசை என்று பழிப்பது நியாயமாகாது.

இனி அக்கடிதத்துக்கு வருவோம். நம் மக்கள் பலர் இடறி விழுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

கனடாவில் 10 மாகாணங்களும் 3 ஆட்சிப் பகுதிகளும் உள்ளன. கியூபெக் மாகாணம் குடியேற்றத்துக்குத் தனி முறை வைத்திருக்கிறது. நூனவுத் ஆட்சிப் பகுதியில் மாகாண முன்மொழிவுத் திட்டம் இல்லை. ஏனையவை, தத்தம் தொழில்களுக்கு வேண்டிய திறன்மிக்க ஆட்களைத் தெரிந்தெடுத்து, ‘இவருக்கு எம் மாகாணத்தில் நிரந்தரமாக வாழ இடமளியுங்கள்’ என்று நடுவண் அரசுக்கு முன்மொழியலாம். 1990-களின் பிற்பகுதியில் மானிட்டோபா முதலிய மாகாணங்களில் தொடங்கிய திட்டம் இது. வெல்டர், சமையற்கலைஞர், செவிலியர், கணிப்பொறி வல்லுநர் எனப் பல தொழிலாளர் இவ்வழியே குடியேறியுள்ளனர். ஆகவே, திட்டம் மெய்யானது. மெய்யான திட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் பொய்யர்களும் பிழைக்கிறார்கள்.

இதில் மூன்று வாயில்கள் உண்டு. முதல் வாயிலில் முதலாளி நிற்கிறார். ஆளின் திறனைச் சோதித்து, நிரந்தரமான முழுநேர வேலைக்கு அழைப்புத் தருகிறவர் அவர். இரண்டாம் வாயிலில் மாகாண அரசு நிற்கிறது. முதலாளியின் நிறுவனம் உண்மையானதா, ஊதியம் அவ்விடத்து வழக்கத்துக்கு ஏற்றதா, விண்ணப்பதாரருக்குக் கல்வியும் அனுபவமும் மொழியறிவும் உண்டா என ஆராய்ந்து முன்மொழிகிறது. மூன்றாம் வாயிலில் நடுவண் அரசு நிற்கிறது. உடல்நலம், நன்னடத்தை, பாதுகாப்பு ஆகியவற்றைச் சோதித்து, நிரந்தர வசிப்புரிமையை வழங்குவதும் மறுப்பதும் அதன் அதிகாரம். வேலையழைப்பு மாகாண முன்மொழிவு அன்று. மாகாண முன்மொழிவு நிரந்தர வசிப்புரிமை அன்று. முதல் வாயிலில் கிடைத்த தாளைக் காட்டி மூன்றாம் வாயிலும் திறந்துவிட்டதாகச் சொல்லுகிறவர், அறியாதவராக இருக்க வேண்டும். இல்லையேல் ஏமாற்றுகிறவராக இருக்க வேண்டும்.

தற்காலிகப் பணி அனுமதி என்பது வேறொன்று. அது பெரும்பாலும் குறிப்பிட்ட முதலாளியோடும் குறிப்பிட்ட காலத்தோடும் கட்டுண்டது. உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி, அதற்கான மதிப்பீட்டை முதலாளி பெற வேண்டியிருக்கும். அதற்கென அவர் அரசுக்குச் செலுத்தும் 1,000 டாலர் கட்டணத்தைத் தொழிலாளியிடமிருந்து திரும்பப் பெறுதல் கூடாது. தற்காலிக அனுமதியை நிரந்தரக் குடியேற்றம் என்று சொல்லி விற்போரும் உளர். எது கையில் இருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்டறிய வேண்டும்.

எவரும் இதில் ‘உறுதி’ என்று சொல்வதற்கும் இடமில்லை. 2024-இல் இத்திட்டத்துக்கு 1,10,000 இடங்களைக் குறித்திருந்த கனடா அரசு, 2025-க்கு அதனை 55,000 ஆகக் குறைத்தது. அதன் பின்னர் மீண்டும் உயர்த்தியது. ஆண்டுக்கு ஆண்டு அகலும் குறுகும் வாயில் இது. மேலும், திறனாளர்க்கான பொதுத் தரவரிசையில் வேலையழைப்பு ஒன்றுக்கே முன்பு 50 அல்லது 200 மதிப்பெண்கள் கொடுத்து வந்தார்கள். அழைப்புகள் விலைக்கு விற்கப்படும் ஊழலைத் தடுப்பதற்காக, 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் அம்மதிப்பெண்களை அந்நாட்டு அரசு நீக்கிவிட்டது. மாகாண முன்மொழிவுக்குரிய 600 மதிப்பெண்கள் நீடித்தன. வேலையழைப்பு என்னும் தாளுக்குச் சந்தையில் விலை வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பணத்தைப் பற்றிப் பேசுவோம். நேர்மையான செலவுகள் உண்டு. மொழித் தேர்வு, கல்விச் சான்று மதிப்பீடு, மருத்துவச் சோதனை, காவல்துறைச் சான்று, மாகாணக் கட்டணம், நடுவண் அரசின் கட்டணம் ஆகியவை அவை. நடுவண் அரசின் கட்டணம் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 முதல் முதன்மை விண்ணப்பதாரர் ஒருவருக்கு 1,525 டாலராக இருந்தது. நம் பணத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாய். மனைவிக்கும் குழந்தைக்கும் தனிக் கட்டணம் உண்டு. இவையெல்லாம் அரசுக்கோ, தேர்வு நிறுவனத்துக்கோ, மருத்துவருக்கோ இரசீதோடு செலுத்தப்படுபவை. விமானச் செலவும், போய்ச் சேர்ந்த முதல் மாதங்களில் குடும்பம் தாங்குவதற்கான சேமிப்பும் இவற்றின் மேல் வேண்டும். ஆனால் அச்சேமிப்பு உங்கள் பெயரிலேயே இருப்பது, எவருக்கும் கொடுப்பதன்று. இவ்வாறிருக்க, 14 இலட்சம் எதற்கு?

வேலைக்காக என்று சொன்னால், அங்கேயே அது சட்டத்துக்கு விரோதமாகிறது. வேலை தேடித் தருவதற்காகத் தொழிலாளியிடம் பணம் பெறுவதைத் தடை செய்யும் சட்டத்தை மானிட்டோபா மாகாணம் 2009-இலும் சஸ்காச்சுவான் 2013-இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஒன்ராறியோ 2009-இல் வீட்டுப் பணியாளர்க்கென இயற்றிய சட்டம் 2015 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர் எல்லாருக்கும் உரியதாயிற்று. உண்மையில் ஆள் தேவைப்படுகிற முதலாளி ஆளிடம் பணம் கேட்பதில்லை. பணம் கேட்கிறவருக்கு ஆள் தேவைப்படுவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நம் இல்லங்கள் நினைவில் வைத்திருந்தால் எத்தனையோ வீட்டுப் பத்திரங்கள் பெட்டியிலேயே பத்திரமாயிருக்கும்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வோர் சட்டத்தின்படி, அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி. வரியும் என வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. பதிவு பெற்ற முகவரா என்பதை நடுவண் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். 1978-இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் உள்ளது. பேருந்து நிலையச் சுவரொட்டியை நம்புவதற்கு முன் இவ்விடங்களில் ஒரு முறை கேட்டறிவது கடினமா?

பொய்யழைப்பின் முடிவு பண இழப்போடு நின்றுவிடுவதும் இல்லை. தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட நம் தமிழ் இளைஞர் பலர் மியான்மர் நாட்டுக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டுத் துன்புற்றதையும், அவர்களுள் சிலர் 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்ததையும் நாம் அறிவோம். அவர்களிலும் படித்த இளைஞர் இருந்தனர். படிப்பு மட்டும் ஏமாற்றத்துக்குக் காப்பாகாது; விசாரிக்கும் பொறுமையும் வேண்டும்.

ஆகவே, இத்தகைய கடிதம் வந்த வீட்டார் ஐந்து வினாக்களை எழுப்ப வேண்டும்.

1. முதலாளி மகனை நேரிலோ காணொளியிலோ கண்டு, அவர் தொழிலைப் பற்றி வினவினாரா? வெல்டரின் கைவேலையை ஆராயாமல் எந்த முதலாளி அவரைக் கடல் கடந்து அழைப்பார்?

2. கடிதத்தில் வேலையின் பெயர், இடம், மணிக்கு இவ்வளவு என்னும் ஊதியம், வேலை நேரம் ஆகியவை உள்ளனவா? அந்நிறுவனத்தின் முகவரியையும் தொலைபேசியையும் கடிதத்திலிருந்து எடுக்காமல் தனியே தேடிக் கண்டுபிடித்து, அவ்வழியே கேட்டால் அவர்கள் கடிதத்தை ஒப்புக்கொள்கிறார்களா?

3. மாகாண அரசின் ஒப்புதல் எங்கே? சஸ்காச்சுவான் மாகாணத்தில், முதலாளி அப்பணியிடத்துக்கு மாகாண அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒன்ராறியோவில் 2025 ஜூலை முதல், முதலாளியே முதலில் அரசின் தளத்தில் பதிவு செய்யும் முறை வந்தது. தரகர் காட்டும் தாளில் அதன் அடையாளம் உண்டா?

4. ஆலோசனைக்குக் கட்டணம் கேட்பவர் யார்? கனடாக் குடியேற்ற வழக்கில் கட்டணம் பெற்று ஒருவர் சார்பாக இயங்க, அந்நாட்டு வழக்கறிஞர் முதலிய சட்டத்துறையினருக்கும், 2021-இல் தொடங்கப்பட்ட குடியேற்ற ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவருக்குமே அனுமதி உண்டு. அவ்வுரிமத்தின் எண்ணைக் கேளுங்கள். அக்கல்லூரியின் பொதுப் பட்டியலில் சரிபாருங்கள்.

5. மூலக் கடவுச்சீட்டையும் சான்றிதழ்களையும் தம்மிடமே விட்டுவைக்கச் சொல்கிறாரா? இரசீதில்லாமல் ரொக்கம் கேட்கிறாரா? நாள் குறித்து அவசரப்படுத்துகிறாரா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறர் செய்யும் பொய்யைப் பற்றிச் சொன்னோம். நாம் செய்யும் பொய்யைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செய்யாத வேலைக்கு அனுபவச் சான்று வாங்குவது, இருக்கிற பிள்ளையை மறைப்பது, மணமானவரை மணமாகாதவர் என்று எழுதுவது ஆகியவற்றைத் தரகர்கள் சிறு தந்திரம் போலச் சொல்லிக்கொடுப்பார்கள். நமக்கு இது எட்டாம் கட்டளை பற்றிய காரியம். அந்நாட்டுச் சட்டத்திலோ, பொய்த் தகவல் அளித்தவருக்கு 5 ஆண்டுகள் நுழைவுத் தடை உண்டு. விண்ணப்பத்தில் காட்டாது மறைத்த மனைவியையோ குழந்தையையோ பின்னாளில் அழைத்துக்கொள்ளப் பொதுவாக வழியில்லாமற் போகும். தரகரின் தந்திரத்துக்குத் தண்டனை பெறுவது விண்ணப்பதாரர். பிரிந்து வாடுவது அவர் குழந்தை.

செவிலியர் பயிற்சி பெற்ற மகளிர் நம் பங்குகளில் மிகுதி ஆதலால் அவர்களுக்கும் ஒரு சொல். செவிலியர் போன்ற சில தொழில்களுக்கு வேலையழைப்பு மட்டும் போதாது. அம்மாகாணத்தின் தொழிற் கழகத்தில் பதிவு பெற்றால்தான் அவ்வேலையைச் செய்யலாம். வெல்டர் தொழிலும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் சான்று பெற்றே செய்ய வேண்டிய தொழில். பதிவு கிடைக்கும் வரை வேறு சிறு வேலையைச் செய்து காலங்கழிக்க நேரிடும். அதனை முன்னரே அறிந்து போகிறவர் மனம் உடைவதில்லை.

இனித் தந்தையின் மூன்றாம் கேள்வி. அதனைப் படித்தபோது, மற்ற இரண்டையும்விட இதுவே அவர் உள்ளத்தை அரித்துக்கொண்டிருக்கிறது என உணர்ந்தோம். மகன் போனால் பெற்றோர் கதி என்ன?

உண்மையை மறைக்காமல் சொல்லுகிறோம். இவ்வழியில் மனைவியும், 22 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகளும் உடன் செல்லலாம். பெற்றோர் அக்கணக்கில் வாரார். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் திட்டம் தனியே உண்டு; ஆனால் அதில் இடங்கள் மிகச் சில; எல்லா ஆண்டுகளிலும் அது திறந்திருப்பதும் இல்லை. பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் நீண்டகால வருகை விசா ஒன்று உண்டு. 2022 ஜூலை முதல், ஒரு முறை சென்றால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். அதற்கு மகனின் வருமானம் குறித்த அளவு இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும். ஆகவே, ‘போன மறு ஆண்டே உங்களையும் அழைத்துக்கொள்கிறேன்’ என்னும் வாக்குறுதியை மகன் எளிதில் கொடுக்க வேண்டாம். பெற்றோரும் அதனை நம்பி வீட்டை விற்க வேண்டாம்.

நிரந்தரம் என்ற சொல்லையும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் இந்தியக் குடிமகனாகவே இருக்கிறார்; 5 ஆண்டுகளில் 730 நாள்களாவது அந்நாட்டில் வாழ்ந்தால்தான் அவ்வுரிமையைக் காத்துக்கொள்ள முடியும். 5 ஆண்டுகளில் 1,095 நாள்கள் அங்கு வாழ்ந்தவர் அந்நாட்டுக் குடியுரிமை கேட்கலாம். ஆனால் நம் அரசியல் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அந்நாட்டுக் குடிமகனானவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை பெற்று இங்கு வந்து வாழலாம். ஆனால் வாக்களிக்க இயலாது. விளைநிலத்தை விலைக்கு வாங்க இயலாது. தந்தை வழியில் வரும் நிலத்தை மரபுரிமையாகப் பெறத் தடையில்லை. இவற்றை அறிந்து ஒவ்வொரு படியிலும் தனித்தனியே முடிவு செய்யலாம். புறப்படும் நாளிலேயே எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போக வேண்டும் என்னும் கட்டாயம் ஏதுமில்லை.

தறியில் ஒரு பாவு முடிந்து மறு பாவு ஏற்றும்போது, பழைய பாவின் முனைகளை வெட்டி எறிந்துவிடுவார்களா? பழைய இழையோடு புதிய இழையை ஒன்றொன்றாக முடிந்த பின்னரே நெசவு தொடர்கிறது. ஆரணித் தறிக்காரர்க்கு நாம் இதனைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தொலைதூரம் செல்லும் மகனும் அவ்வாறே செய்யட்டும். மாதந்தோறும் பெற்றோர்க்கு அனுப்பும் தொகை எவ்வளவு, நோயுற்றால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர் யார், உடன்பிறந்தார்க்கு உரிய பங்கு என்ன, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் வருவது என்பனவற்றைப் புறப்படுமுன் குடும்பம் முழுவதும் அமர்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்ளட்டும். பெற்றோரைப் பேணுவது பற்றிய 2007-ஆம் ஆண்டின் சட்டம், அயல்நாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் சட்டம் வந்து நினைவூட்டும் நிலைக்கு நம் பிள்ளைகள் போகலாகாது.

மருமகளையும் இப்பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 பாகை வரை இறங்கும் சமவெளி மாகாணத்தில், பேச்சுத் துணையின்றி, கைக்குழந்தையோடு நாள் முழுவதும் வீட்டில் இருக்கப்போகிறவள் அவளே. அவளுடைய விருப்பத்தைக் கேளாமல் ஆண்கள் மட்டும் கூடி எடுக்கும் முடிவு குடும்ப முடிவு ஆகாது. அவளும் ஆங்கிலம் பழகி, ஒரு தொழிலும் கற்றுச் செல்லட்டும். சென்றதும் அருகிலுள்ள கோயிலைத் தேடிப் பங்குத்தந்தையிடம் பெயரைக் கொடுக்கட்டும். தொறொன்ரோவைச் சுற்றித் தமிழ்த் திருப்பலிக்கு வாய்ப்புண்டு. சஸ்காச்சுவானில் ஆங்கிலத் திருப்பலியே பெரும்பாலும் கிட்டும். மொழி வேறாயினும் அங்குள்ள இறைமக்கள் நமக்கு அயலார் அல்லர்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வீட்டுப் பிள்ளை போய்விட்டான் என்பதற்காக உங்கள் பிள்ளையைத் துரத்தாதீர்கள். போகாதவன் திறனற்றவன் அல்லன். உள்ளூரில் தறியைக் காத்து நிற்பவனும், திருப்பெரும்புதூருக்கோ ஓசூருக்கோ சென்று வேலை செய்பவனும் குடும்பத்தைத் தாங்குகிறவர்களே. தங்கியிருப்பதும் ஓர் உரிமை என்று திருச்சபை சொல்வதை மறக்க வேண்டாம்.

மடல் எழுதிய அன்பருக்கு எம் விடை இதுவே. உம் மகன் செல்ல விரும்பினால் வாழ்த்தி அனுப்பலாம். ஆனால் அந்த 14 இலட்சத்தின் வழியாக அனுப்ப வேண்டாம். அவர் முதலில் ஆங்கிலத் தேர்வுக்குப் பயிலட்டும். தற்போதைய தொழிற்சாலையிலிருந்து உண்மையான அனுபவச் சான்றும் சம்பளச் சீட்டுகளும் சேர்த்து வைக்கட்டும். மாகாண அரசுகளின் சொந்தத் தளங்களில் தம் தொழிலுக்கு இடமுண்டா என்று பார்க்கட்டும். முதலாளிகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கட்டும். இதற்கு ஓராண்டோ ஈராண்டோ ஆகலாம். கிடைக்காமற் போனாலும், கற்ற ஆங்கிலமும் சேர்த்த சான்றுகளும் வீணாகா. தறிகள் இரண்டும் உம் வீட்டிலேயே இருக்கும். கடனின் நிழல் பேரக்குழந்தையின் மேல் விழாது.

இத்தகைய கடிதம் வேறெவர் வீட்டிலாவது வந்திருந்தால், கையொப்பமிடுவதற்கு முன் உங்கள் பங்குத்தந்தையிடமோ, விவரமறிந்த ஆசிரியர் ஒருவரிடமோ அதனை எடுத்துச் சென்று, வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

செல்வோர்க்கும் தங்குவோர்க்கும் இறைவன் துணை நிற்பாராக!